பதிவுத் தபாலைத் திருப்பித் தாருங்கள்
தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குச் சென்ற 39 பேருக்கும், மாநிலங்களவையில் இருக்கும் 18 பேருக்கும் எழுதுவது.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமம். காலை பத்து மணிவாக்கில் எங்கள் ஊர் நூலகத்துத் திண்ணையில் உட்கார்ந்து, கேட்டு வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக இதுதான் என் வேலை. காசு வாங்குவதில்லை. உதவித்தொகை நின்றுபோன கிழவிகள் வருவார்கள். பட்டாவில் பெயர் மாறிப்போனவர்கள், கூலி பாக்கிக்கு அலைகிறவர்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று வரும் பையன்கள் எல்லோரும் உண்டு. மனுவை மடித்துக் கையில் கொடுக்கும்போது எல்லோரிடமும் ஒன்றைத்தான் சொல்வேன்: "நேர்ல கொண்டுபோய்க் குடுக்காதீங்க. ரிஜிஸ்டர் தபால்ல போடுங்க. கார்டு திரும்பி வரும், அதைப் பத்திரமா வெச்சுக்கங்க."

இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஏன் நேரில் கொடுக்க வேண்டாம் என்கிறேன் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு கைம்பெண்ணுக்கு உதவித்தொகை திடீரென்று நின்றுவிட்டது. மனு எழுதிக் கொடுத்தேன். பஸ் ஏறிப் போய் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தார். இரண்டு மாதம் கழித்து விசாரித்தால், அப்படியொரு மனு வரவே இல்லை என்றார்கள். மறுபடியும் போனார், மறுபடியும் அதே பதில். மூன்றாவது முறை நானே பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பி வைத்தேன். ஏழெட்டு நாளில் அட்டை திரும்பி வந்தது. அலுவலக முத்திரை, யாரோ ஒருவரின் கையெழுத்து, தேதி. அந்த அட்டையை அவர் அரிசி டின்னுக்குள் வைத்திருந்தார். அடுத்த முறை போனபோது அதை மேசைமேல் வைத்தார். மனு கிடைத்தது. உதவித்தொகையும் வந்தது. மனுவில் நான் எழுதியிருந்தது மூன்று முறையும் ஒரே வாசகம்தான். மூன்றாவது முறை கூடுதலாக இருந்தது அந்த அட்டை மட்டுமே.

2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் என்று தனியாக ஒரு சேவை இல்லை. ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். பதிவு வேண்டும் என்றால் ஸ்பீடு போஸ்ட்டுக்குப் பணம் கட்டி, அதற்குமேல் கூடுதலாகக் கட்டி வாங்கிக்கொள்ளலாம். அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் ஸ்பீடு போஸ்ட் கட்டணமும் மாறியது. 50 கிராமுக்குள் இருக்கும் கடிதம் அதே ஊருக்குள் என்றால் 19 ரூபாய், வெளியூர் என்றால் 47. பதிவுக்கு 5. இரண்டுக்கும் சேர்த்து 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வெளியூர்க் கடிதத்துக்குக் கூட்டிப் பார்த்தால் 61 ரூபாய் 36 காசு வருகிறது. இணைப்புக்கு முன்பு 20 கிராமுக்குள் இருக்கும் கடிதத்துக்கு வரியோடு 25 ரூபாய் 96 காசு.

35 ரூபாய் வித்தியாசம் உங்களுக்குச் சிறிதாகத் தெரியலாம். இந்த மாநிலத்தில் முதியோர் உதவித்தொகையை 2023-இல் 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள். 1,200 ரூபாயில் மாதத்தை ஓட்டுகிறவருக்கு ஒரு நாளைக்கு 40 ரூபாய். தன் பணம் ஏன் நின்றது என்று கேட்டு எழுதும் ஒரு கடிதத்துக்கு அவர் ஒன்றரை நாள் சாப்பாட்டைக் கொடுக்க வேண்டும். போன மாதம் ஒரு அம்மா மனுவை வாங்கிக்கொண்டு தபால் செலவு எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பஸ்ஸுல எங்களுக்கு டிக்கெட் இல்லைல்ல வாத்தியாரே, நானே போயிக் குடுத்துட்டு வந்துர்றேன்" என்றார். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது நல்ல விஷயம். ஆனால் கடிதம் போகவேண்டிய இடத்துக்கு, முட்டி வலியோடு, ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு அந்த அம்மா போகிறார். அவர் கையில் கொடுத்துவிட்டு வரும் மனு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

தகவல் உரிமைச் சட்டத்தைப் பாருங்கள். 2005-இல் உங்கள் அவை கொண்டுவந்த சட்டம். ஏழையும் கேட்க முடிய வேண்டும் என்றுதான் விண்ணப்பக் கட்டணத்தை 10 ரூபாயாக வைத்தார்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு அந்தப் பத்து ரூபாயும் கிடையாது. 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்கும் வழி பிறக்காவிட்டால் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. ஒவ்வொரு படியிலும் எந்தத் தேதியில் கிடைத்தது என்பதற்கு அத்தாட்சி வேண்டும், ஏனென்றால் கெடு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடுகிறது. 20 கிராமுக்குள் இருக்கும் மூன்று கடிதத்துக்கு முன்பு 78 ரூபாய். இப்போது 184. இதுவும் எல்லாம் 50 கிராமுக்குள் அடங்கினால்தான். பத்துத் தாளை உறையில் போட்டாலே 50 கிராம் தாண்டிவிடும். இரண்டாவது மேல்முறையீட்டில் முந்தைய கடிதங்களின் நகல்களையும் சேர்க்க வேண்டும். அப்போது அடுத்த எடைப் படி. எங்கள் ஊரிலிருந்து சென்னைக்கு அந்த ஒன்றுக்கு மட்டும் பதிவும் வரியும் சேர்ந்து 80 ரூபாய். சட்டம் கேட்பது பத்து ரூபாய், அந்தச் சட்டத்தின் கதவைத் தட்டப் போகிற வழிச் செலவு அதைப்போல் ஆறு மடங்கு, எட்டு மடங்கு.

பதிவுத் தபாலுக்கு நீதிமன்றத்தில் ஒரு மதிப்பு உண்டு என்பதை உங்களில் வழக்கறிஞர்களாக இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1897-ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம், 27-ஆவது பிரிவு: சரியான முகவரி எழுதி, தபால் கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் சேர்த்தால், அது உரியவரைச் சேர்ந்ததாகவே கொள்ளப்படும். வாங்கவில்லை என்று நிரூபிக்கும் பாரம் மறுப்பவர் தலையில். வேலைக்கு வைத்திருந்தவருக்கு நோட்டீஸ் விடும் கூலிக்காரர், முன்பணத்தைத் திருப்பித் தராத வீட்டுக்காரருக்கு எழுதும் வாடகைக் குடித்தனக்காரர், காசோலை திரும்பி வந்துவிட்டதென்று 30 நாளுக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டிய சிறு கடைக்காரர் எல்லோரும் இந்தப் பிரிவை நம்பித்தான் நிற்கிறார்கள். வசதி இருப்பவருக்கு வக்கீல் இருக்கிறார். இல்லாதவருக்கு இருந்தது இந்த ரசீதும் அட்டையும்.

இதற்கு முன்பும் ஒரு மலிவான அத்தாட்சி இருந்தது. சாதாரணத் தபாலில் போட்டதற்கு ஒரு தாளில் முகவரியை எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, தபால் ஆபீஸில் சீல் வாங்கிக்கொள்வோம். யு.பி.சி. என்போம். மூன்று கடிதத்துக்கு மூன்று ரூபாய். முத்திரையை எளிதாக வாங்கிவிட முடிகிறது என்று நீதிமன்றங்கள் அதை நம்பத் தயங்கியது உண்மை. 2011-இல் அதை நிறுத்தினார்கள். அப்போது எல்லோரும் சொன்னது, "அதான் ரிஜிஸ்டர் தபால் இருக்கே" என்பதுதான். இப்போது எதைக் காட்டிச் சொல்வது?

சேவையை யாரும் பயன்படுத்துவதில்லை என்று ஒரு காரணம் சொல்லப்பட்டது. 2011-12இல் 24 கோடியே 44 லட்சமாக இருந்த பதிவுத் தபால்கள் 2019-20இல் 18 கோடியே 46 லட்சமாகக் குறைந்தன என்பது கணக்கு. குறைந்ததுதான். ஆனால் ஆண்டுக்கு 18 கோடி தபாலுக்கு மக்கள் பணம் கட்டிய ஒன்றை, செத்துப்போன சேவை என்று எப்படிச் சொல்ல முடியும்? ஸ்பீடு போஸ்ட் வேகமானது, போகும் வழியைப் பார்க்கலாம் என்கிறார்கள். எனக்கும் அது தெரியும், 1986-இலிருந்து பார்க்கிறேன். எங்கள் ஊர்க் கிழவிக்கு வேகம் வேண்டாம். எட்டு நாள் கழித்துப் போனாலும் சரி, போனதற்கு ஒரு கையெழுத்து வேண்டும். அவர் கேட்காத வேகத்துக்கு அவரிடம் பணம் வாங்குகிறார்கள் என்பதுதான் என் குறை.

இன்னொன்று என்னை உறுத்துகிறது. அதே ஊருக்குள் 19, வெளியூருக்கு 47. மாவட்டத் தலைநகரில் குடியிருப்பவர் ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுதினால் குறைந்த கட்டணம். அவர் நடந்தே போய்க் கொடுத்துவிடலாம். முப்பது கிலோமீட்டர் தள்ளி, நாளைக்கு நான்கு பஸ் வரும் கிராமத்தில் இருப்பவர் எழுதினால் இரண்டரை மடங்கு. நம் தபால் எந்த அடித்தளத்தில் கட்டப்பட்டதோ அதற்கே இது நேர் எதிர். 1854-க்கு முன்னால் இங்கே தூரத்துக்கேற்பத்தான் தபால் கூலி. கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு ஒரு தோலா எடைக் கடிதத்துக்கு ஒரு ரூபாய், ஆக்ராவுக்குப் பன்னிரண்டு அணா. கம்பெனி அதிகாரிகளும் பெரிய வணிகர்களும்தான் எழுத முடியும். கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி காலத்தில் அதை மாற்றினார்கள். கால் தோலா வரை அரையணா, நாட்டின் எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கும். 1879-இல் காலணாக் கார்டு வந்தது. கூலிக்குப் போன மகன் ஊரிலிருக்கும் தாய்க்கு எழுத ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். அந்நிய ஆட்சி தன் வசதிக்குத்தான் செய்தது என்று வைத்துக்கொள்வோம். ஆனாலும் தூரத்தில் இருப்பவனும் பக்கத்தில் இருப்பவனும் ஒரே விலைக்கு எழுதலாம் என்ற ஏற்பாடு அப்போது வந்தது. 170 ஆண்டுகள் கழித்து, சுதந்திர நாட்டில், தூரம் மறுபடியும் விலைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இதை அஞ்சல் துறைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு.

1898-ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டத்தில் முதல் அட்டவணை என்று ஒன்று இருந்தது. கடிதம், கார்டு, புத்தகக் கட்டு, பதிவுபெற்ற பத்திரிகை ஆகியவற்றுக்கு என்ன கட்டணம் என்று அதில் எழுதியிருக்கும். அரசு அறிவிக்கும் கட்டணம் அந்த அட்டவணையைத் தாண்டக் கூடாது. தாண்ட வேண்டுமானால் சட்டத்தைத் திருத்த வேண்டும், அதற்கு நாடாளுமன்றத்துக்கு வர வேண்டும். அதனால்தான் கார்டு விலை பட்ஜெட்டோடு வந்தது. கார்டுக்கு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பட்ஜெட் நாளில் ரேடியோவில் காது கொடுத்துக் கேட்ட தலைமுறை என்னுடையது. ஐந்து காசு ஏற்றுவதற்கும் ஓர் அமைச்சர் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டியிருந்தது. எதிர்க்கட்சி உறுப்பினர் ஏழையின் கார்டில் கைவைக்கலாமா என்று கேட்க முடிந்தது.

2023-இன் அஞ்சலகச் சட்டம் அந்த அட்டவணையை எடுத்துவிட்டது. கட்டணத்தை இனி அஞ்சல் சேவைகளின் தலைமை இயக்குநர் ஒழுங்குமுறை வெளியிட்டு முடிவு செய்யலாம். மாநிலங்களவையில் டிசம்பர் 4-ஆம் தேதி நிறைவேறியது. மக்களவையில் டிசம்பர் 18-ஆம் தேதி. அதே நாளில்தான் மக்களவையில் 33 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். உங்களில் சிலருக்கு அந்த நாள் நன்றாக நினைவிருக்கும். அமளிக்கு நடுவே, குரல் வாக்கெடுப்பில், 125 ஆண்டுச் சட்டம் போய்ப் புதியது வந்தது. கடிதங்களைப் பிரித்துப் பார்க்கும் அதிகாரம் பற்றி அப்போது பேசினார்கள், பேச வேண்டியதுதான். கட்டணம் உங்கள் கையை விட்டுப் போவதைப் பற்றி வெளியில் யாரும் பெரிதாகப் பேசி நான் கேட்கவில்லை. அந்தச் சட்டம் 2024 ஜூன் 18-இல் நடைமுறைக்கு வந்தது. அடுத்த பதினைந்து மாதத்துக்குள் புத்தகத் தபாலும் பதிவுத் தபாலும் போய்விட்டன.

புத்தகத் தபாலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பதிவுசெய்த அச்சு நூல்கள் என்ற வகையில் 5 கிலோ புத்தகத்தை நாட்டில் எங்கும் 80 ரூபாய்க்கு அனுப்ப முடிந்தது. 2024 டிசம்பரில் முன்னறிவிப்பு இல்லாமல் நிறுத்தினார்கள். அதே கட்டைப் பதிவுப் பார்சலில் அனுப்ப 229 ரூபாய் கேட்டார்கள். பதிப்பாளர்கள் குரல் கொடுத்த பிறகு 2025 மே 1 முதல் ஞான் போஸ்ட் என்று ஒன்று வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. வந்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பாடநூல், சமூக, பண்பாட்டு, சமய நூல் என்று வகை பிரித்திருக்கிறார்கள். ஒரு சிறுகதைத் தொகுப்பு இதில் எதில் சேரும் என்பதைக் கவுன்ட்டரில் இருப்பவர் முடிவு செய்ய வேண்டும். இதழ்களுக்கு இடமில்லை. 1959-இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ ஆரம்பித்தார். தமிழில் அன்றுமுதல் வந்த சிற்றிதழ்களில் பெரும்பாலானவை கடையில் விற்றவை அல்ல. சந்தாதாரர் முகவரியை எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, தபால் பெட்டியில் போட்டு வாழ்ந்தவை. எங்கள் நூலகத்துக்கு வந்த இதழ்களும் அப்படித்தான் வந்தன. ஒரு வாசகர் வட்டம் முந்நூறு பிரதி அச்சிடும் காலாண்டிதழுக்கு அச்சுச் செலவைவிடத் தபால் செலவு அதிகமானால் அது எத்தனை இதழ் வரும்?

இனி, நஷ்டம். யாரிடம் பேசினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது. 2016-17 கணக்கின்படி ஒரு தபால் கார்டுக்குத் துறை செய்யும் செலவு 12 ரூபாய்க்கு மேல். வருமானம் 50 காசு. நான் கணக்கு வாத்தியார் இல்லை, ஆனாலும் இந்தக் கணக்கில் ஒன்று புரிகிறது. கார்டு தனியாகப் பயணம் செய்வதில்லை. இந்த நாட்டில் சுமார் ஒரு லட்சத்து 65 ஆயிரம் அஞ்சலகங்கள். பத்தில் ஒன்பது கிராமத்தில். எங்கள் ஊர்க் கிளை அஞ்சலகத்தில் கிராமிய அஞ்சல் ஊழியராக இருக்கும் பெண் காலையில் சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். அந்தப் பையில் ஆதார் அட்டையும் வங்கிக் கடிதமும் பார்சலும் போகின்றன. கார்டு ஒன்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் அந்தத் தெருவுக்குப் போகத்தான் போகிறார். எல்லாக் கடிதத்தையும் நிறுத்தினாலும் அவர் சம்பளமும் அந்தக் கட்டட வாடகையும் அப்படியேதான் இருக்கும். மொத்தச் செலவையும் கடிதங்களின் எண்ணிக்கையால் வகுத்தால், கடிதம் குறையக் குறைய ஒவ்வொன்றின் ‘செலவு’ ஏறத்தான் செய்யும். அதைக் காட்டிக் கட்டணத்தை ஏற்றினால் கடிதம் இன்னும் குறையும்.

இந்த வழி எங்கே போய் முடியும் என்பதற்கு டென்மார்க் இருக்கிறது. அங்கே 1624-இலிருந்து அரசுத் தபால் உண்டு. கடிதங்கள் குறைந்தன, கட்டணம் ஏறிக்கொண்டே போய் ஒரு சாதாரணக் கடிதத்துக்கு 29 குரோனர் ஆனது. 2025-ஆம் ஆண்டின் கடைசியோடு அரசுத் தபால் நிறுவனம் கடிதம் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. சிவப்புத் தபால் பெட்டிகளைப் பிடுங்கினார்கள். அங்கே அரசோடு நடக்கும் எழுத்துப் போக்குவரத்து ஏறக்குறைய முழுவதும் கணினிக்கு மாறிவிட்டது. இங்கேயும் ஆன்லைனில் போடலாமே என்று உங்கள் அலுவலகத்துப் பையன்கள் சொல்லக்கூடும். போடலாம். என் திண்ணைக்கு வருகிறவர்கள் வைத்திருப்பது பொத்தான் போன். ஓ.டி.பி. வந்தால் அதைப் படித்துச் சொல்ல இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் யார், அவர் எவ்வளவு கேட்பார் என்பதை நான் தினமும் பார்க்கிறேன். கணினி வழி இருக்கட்டும். அது தெரியாதவருக்குக் காகித வழியும் கட்டுப்படியாகும் விலையில் திறந்திருக்கட்டும்.

நான் உங்களிடம் கேட்பது இதுதான். பழைய முதல் அட்டவணையைப் போல ஒன்றைப் புதிய சட்டத்துக்குள் திரும்பக் கொண்டுவாருங்கள். எல்லாச் சேவைக்கும் வேண்டாம். ஸ்பீடு போஸ்ட்டுக்கும் வணிகப் பார்சலுக்கும் துறை தன் விருப்பப்படி விலை வைக்கட்டும், போட்டியில் சம்பாதிக்கட்டும். சாதாரணக் கடிதம், கார்டு, புத்தகமும் இதழும், பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சியோடு போகும் மெதுவான கடிதம் ஆகிய இந்தச் சிலவற்றுக்கு மட்டும் உச்சவரம்பு சட்டத்தில் இருக்கட்டும். ஏற்ற வேண்டுமானால் உங்களிடம் வந்து கேட்கட்டும். அத்தாட்சிக் கடிதம் எவ்வளவு தூரம் போனாலும், வரியோடு சேர்த்து, 25 ரூபாயைத் தாண்டக் கூடாது. அரசு அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் தகவல் ஆணையத்துக்கும் போகும் கடிதத்துக்கு ஜி.எஸ்.டி. எதற்கு? கார்டுக்கும் இன்லாண்டு லெட்டருக்கும் 10 கிராமுக்குள் இருக்கும் உறைக்கும் விலக்கு இருக்கிறது. பார்வையற்றோருக்கான பிரெயில் நூல்கள் தரைவழியே 7 கிலோ வரை இலவசமாகவே போகின்றன. மனிதரின் தேவையைப் பார்த்துக் கட்டணம் வைப்பது இந்தத் துறைக்குப் புதிதில்லை.

தனிநபர் மசோதா வெள்ளிக்கிழமைகளில் வருகிறது, பெரும்பாலும் நிறைவேறுவதில்லை என்பது தெரியும். கேள்வி நேரம் இருக்கிறது. தகவல் தொடர்பு நிலைக்குழுவின் கீழ்தான் அஞ்சல் துறை வருகிறது, அங்கே கேட்கலாம். நீங்கள் வேறு வேறு கட்சி, டெல்லியில் எதிரெதிர் வரிசை. இந்த விஷயத்தில் எதிர் வரிசை எது என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் தொகுதியில் எந்தக் கிராமத்திலும் எந்தக் கட்சிக்கு வாக்களித்தவரிடமும் கேட்டுப் பாருங்கள்.

இந்தக் கடிதத்தை உங்கள் 57 பேருக்கும் தனித்தனியே, கிடைத்ததற்கு அத்தாட்சியோடு அனுப்பத்தான் முதலில் நினைத்தேன். கணக்குப் போட்டேன். 3,497 ரூபாய் 52 காசு வந்தது. 57 கார்டு வாங்கி எழுதினால் 28 ரூபாய் 50 காசு. ஆனால் இவ்வளவும் கார்டில் அடங்காது, போய்ச் சேர்ந்ததா என்றும் தெரியாது. ஆகவே எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதிவிட்டேன். 57 கார்டும் வாங்கியிருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் ஒரே கேள்வியை எழுதி இந்த வாரம் பெட்டியில் போடுகிறேன்: பதிவுத் தபாலைப் பற்றி அவையில் எப்போது கேட்கப் போகிறீர்கள்?

அமைச்சர் தரும் பதில் எதுவானாலும் ஒரு நகல் அனுப்புங்கள். நூலகத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறேன். சாதாரணத் தபால் போதும், எங்கள் ஊர்த் தபால்காரப் பெண் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
புதுக்கோட்டை மாவட்டம்.